மூன்று தடவை வந்தும் சொல்லாமல் போனது

இன்றைக்குக் காலையில் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. வெடித்துக் கிடக்கிற மண் முதல் தண்ணீரைக் குடிக்கிறபோது ஒரு வாசனை எழும்புமே, அது வண்டிப்பாதை வரைக்கும் வந்து என் மூக்கில் ஏறியது. மாடுகள் தாமாகவே நின்றுவிட்டன. உம்மை நினைத்துத்தான் இரண்டும் நின்றன என்று நாலு பேரிடம் சொல்லலாம், சொல்லத்தான் போகிறேன். உம்மிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன், தாகத்துக்கு நின்றன.

மடையில் வெளியூரிலிருந்து வந்த வேறொரு ஆள் நின்றார். பொங்கல் வைத்த சாம்பலும் உடைத்த தேங்காயின் ஓடும் மடைக்கல்லின்மேல் கிடந்தன. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். முன்னால் இந்த மடையில் ஒருத்தர் பதினெட்டு வருஷம் தண்ணீர் பாய்ச்சினார், அவரைத் தெரியுமா என்று கேட்டேன். கேள்விப்பட்டதில்லை என்றார். அதற்குமேல் எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கவில்லை. பாளையங்கோட்டைக்குப் போய்ச் சரக்கை இறக்கிப் போட்டுவிட்டு, எங்கள் வேதக்கோயில் உபதேசியாரிடம் நாலு தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உமக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தாலும் இதை யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். என் எழுத்தும் அப்படியொன்றும் பெரிய எழுத்தில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐந்தாம் வகுப்பு வாத்தியாரிடம் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை, அதனால்தான் விட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப மூணாவதோடதான் விட்டிருப்பீரு" என்றீர். அதுதான் நிஜம்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது என் வண்டிச் சக்கரம் உம்முடைய வாய்க்கால் கரையில் புதைந்த அன்றைக்கு. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கருப்பட்டி ஏற்றி வந்தேன். இதை நான் சொல்கிற இடங்களிலெல்லாம் மழை கொட்டும், இடி இடிக்கும், நீர் ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தூக்கி மேட்டில் வைப்பீர். ஒருதடவை உம்மைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேட்டைக்காரர் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். நீர் அவரைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இவரு சொன்னா பாதியத் தள்ளிருங்க அண்ணாச்சி. மிச்சத்துலயும் பாதியத் தள்ளிருங்க. மழையும் இல்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு பேருமா கருப்பட்டிச் சிப்பத்த இறக்கி வச்சோம், மாடே இழுத்துட்டு."

அந்தப் பேட்டைக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீர் சொன்ன கதையிலும் நாம் இரண்டு பேரும் இருந்தோம், அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் உம்முடைய மடையில்தான் என் மாடுகளுக்குத் தண்ணீர். எங்கள் வீட்டுச் சோறு நீர் தொடமாட்டீர், உங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். கருப்பட்டிக்கு அந்தத் தடை இல்லை. ஒரு வில்லையை மண்வெட்டிக் காம்பால் தட்டி உடைத்து ஆளுக்குப் பாதியாகக் கடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்போம். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எந்தப் பண்ணைக்காரர் பக்கத்து வயல் வரப்பைக் காலால் தட்டிவிடுகிறவர் என்றெல்லாம் நீர் சொல்வீர். நான் உலகம் முழுவதையும் சொல்வேன். எம்டன் கப்பல் மதராசில் குண்டு போட்ட சமயம், அந்தச் சத்தம் எனக்கு வள்ளியூர்ச் சந்தையில் கேட்டது என்றேன். நீர் மண்வெட்டியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, அன்றைக்கு நான் சந்தைக்கே போகவில்லை, காய்ச்சலில் உம்முடைய வைக்கோல் போருக்கு அடியில்தான் கிடந்தேன் என்று ஞாபகப்படுத்தினீர். என் பேச்சை வெட்டினவர்கள் இந்த ஜில்லாவில் நிறையப் பேர் உண்டு. வெட்டிவிட்டு மறுவாரமும் கேட்க வந்து உட்கார்ந்தவர் நீர் ஒருவர்தான்.

எம்டன் வந்துபோனதற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, எங்கள் கோயிலில் சுவிசேஷ வாரம் என்று வைத்தார்கள். அது என்னவென்று உமக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். சபையில் இருக்கிற ஒவ்வொருவரும், வாசல் பெருக்குகிறவர்கூட, ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒருவருடைய பேரை எழுதிக் காணிக்கைப் பையில் போட வேண்டும். அந்த ஒரு வாரம் அவருக்காக ஜெபம்பண்ண வேண்டும், அவரிடம் போய்ப் பேச வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் குருவானவர் மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசவே மாட்டார். ஊரைக் கூட்டிப் பிரசங்கம் வேண்டாம், உங்களுக்கு நடந்ததை ஒரு ஆளிடம் சொன்னால் போதும் என்றார்.

சபையில் பாதிப்பேருக்கு உபதேசியார்தான் எழுதிக் கொடுத்தார். நான் என் கையாலேயே எழுதினேன். நல்ல கொட்டை எழுத்து. உம்முடைய பேர்.

நினைத்துப் பார்த்தால் வேறு யார் பேரை எழுதுவேன்? பொய் என்று தெரிந்தும் என் பக்கத்தில் உட்கார்ந்த மனிதருக்கு, என்னிடம் இருந்ததிலேயே மெய்யான ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருந்தேன். பத்து வருஷம் கருப்பட்டியைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டு அதை மட்டும் மடியில் முடிந்து வைத்திருந்தது எனக்கே உறுத்தியது. உம்மை எங்கள் கூட்டத்தில் சேர்த்து எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு இல்லை. இதை நீர் நம்ப வேண்டும்.

திங்கட்கிழமை வந்தேன். நீர் இடுப்பளவு சேற்றில் நின்று மதகுப் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தீர். இப்போது எப்படிப் பேசுவது என்று போய்விட்டேன். புதன்கிழமை வந்தேன். ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆரம்பித்தது திருச்செந்தூர்க் கடலில் போய், அங்கே நான் பார்த்த ஒரு மீனில் போய், அந்த மீனின் நீளத்தில் போய் நின்றது. நீர் வழக்கம்போல நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தீர். சனிக்கிழமை மூன்றாந்தடவை வந்தபோது மாடுகளுக்குத் தாகம்கூட இல்லை. அது உமக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன வே, எதையோ சொல்ல வந்து சொல்ல வந்து முழுங்குதீரு?" என்றீர். "பைய சொல்லும். எனக்கு அடுத்த வயலுக்குத் திருப்ப இன்னும் நேரம் கிடக்கு."

ஒன்றுமில்லை என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டேன். வள்ளியூர்ச் சந்தையில் எட்டு மணி நேரம் தொண்டை கட்டாமல் பேசுகிறவன் நான். 

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒரு விதவைப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போனாளாம், அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்களாம், அவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்தாள். ஒரு கொல்லர், தான் பேசப்போன ஆள் கடைசிவரை அரிவாளுக்குச் சாணை பிடிப்பதைப் பற்றியே பேசிவிட்டார் என்றார். எல்லாரும் அப்படித்தான், வெறுங்கையாக வந்தவர்கள். நானும் அப்படியே சொல்லிவிடத்தான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்திருக்கும்போது, என்னால் சொல்ல முடியவில்லை என்கிற அந்த ஒரு வாக்கியம் வாயில் தயாராக இருந்தது.

எழுந்து நின்றதும் இருநூறு முகம் திரும்பிப் பார்த்தது. சரி, ஐம்பது. நீர் மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டீர் என்றேன். உம்முடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது என்றேன். அடுத்த விதைப்புக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்துவிடுகிறேன் என்று உம்முடைய வாயாலேயே சொன்னீர் என்றேன். பெண்கள் பக்கத்தில் அழுதார்கள். குருவானவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், அவர் உதடு ஆடியதைப் பார்த்தேன். பாட்டு எடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன். அந்த நேரம் எனக்கு நன்றாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், மிகவும் நன்றாக இருந்தது.

எங்கள் சபையில் மோர் விற்கிற அம்மாள் ஒருத்தி உம்முடைய ஊர்த் தெருவுக்கும் வருகிறவள் என்பது எனக்கு நினைவில் வரவில்லை. அவள் கெட்டவள் இல்லை. சந்தோஷம் தாங்காமல் உம்முடைய வீட்டுக்காரியிடமே வந்து, உங்கள் வீட்டில் நல்ல காரியம் நடக்கப்போகிறதாமே என்று கேட்டாள்.

பிற்பாடு நடந்தது உமக்குத் தெரியும்; எனக்குத்தான் பாதிக்குமேல் பிறர் சொல்லித் தெரிந்தது. புதுத்தண்ணீர் வர இன்னும் பத்து நாள் இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர்தான் மடைக்குப் பொங்கல் வைத்து முதல் தேங்காயை உடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பலகையைத் தூக்க வேண்டும் என்பது உங்கள் ஊர் முறை. வேதக்காரராகப் போகிறவர் உடைத்த தேங்காயில் மடை திறந்தால் பயிருக்கு என்ன ஆகும் என்று நிலத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். பெரிய பண்ணையார் கோபக்காரர் இல்லை. உம்மைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் கேட்டாராம். அப்படி ஒன்றும் நான் சொல்லவில்லை, என் சாமியும் நான் கும்பிடுகிறபடியேதான் இருக்கிறது என்று நீர் சொன்னீராம்.

அப்படியானால் அந்த வண்டிக்காரன் சொன்னது பொய் என்று ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடும், நாளைக்கே நீர் போய் மடையில் நில்லும் என்றார்களாம்.

நீர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார், பொய்க்காரர் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றீராம். பொய் இல்லை என்றால் மெய்தானே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

எனக்குத் தெரிந்த அன்றே குருவானவர் வீட்டுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அந்தச் சகோதரரை எப்போது போய்ப் பார்க்கலாம் என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து, சீக்கிரம் போகலாம் ஐயா என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் மறுபடி போய்த்தான் சொல்ல முடிந்தது. அவர் திட்டவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் அதை வைத்து ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்பேன். அவர், "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்த ஊருல போய்ச் சொல்லும்" என்றார்.

போனேன். நிலத்துக்காரர்கள் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள், நீர் ஓரத்தில் நின்றீர். நான் வண்டியிலிருந்து இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் நான் சொன்னதெல்லாம் என் வாய்க்கு வந்தது, இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். என் ஆயுசில் ஒரு சுற்றும் சேர்க்காமல் நான் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான்.

பெரிய பண்ணையார் சிரித்துவிட்டார்.

"வண்டிக்கார அண்ணாச்சி, ஒம்ம கதையெல்லாம் நாங்களும் கேட்டிருக்கோம். எம்டன் சத்தமே ஒமக்கு வள்ளியூருல கேட்டுது. இப்ப சேக்காளி பொழப்பு போகுதுன்னதும் இங்கன வந்து இன்னொரு கதையக் கட்டுதீரு. நல்ல மனுசன்தான் வே நீரு."

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சத்தியம் பண்ணினேன். சத்தியம் பண்ணப் பண்ணச் சிரிப்பு கூடியது. உம்மைத் திரும்பிப் பார்த்தேன். நீரும் லேசாகச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினீர், போதும், போய்விடும் என்கிறமாதிரி. மெய்யைச் சொல்லியும் ஒருவரும் நம்பாத இடத்தில் ஒரு மனிதன் கையை எங்கே வைத்துக்கொள்வது? நான் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மடை வேறு ஆளுக்குப் போனது. நீர் ஒரு பருவம் அறுவடைக் கூலிக்குப் போய்ப் பார்த்தீர், அங்கேயும் கண்ணும் ஜாடையும். கடைசியில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டீர். வீட்டுக்காரியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் மச்சினன் வீட்டில் விட்டீர். திருநெல்வேலி ஸ்டேஷன் வரைக்கும் என் வண்டியில்தான் வருவேன் என்று சொல்லி அனுப்பினீர். வேறு யாராவதாக இருந்தால் என் வண்டி நிழலைக்கூட மிதித்திருக்கமாட்டார்கள்.

சிப்பம் வைக்கிற இடத்தில் உம்முடைய தகரப் பெட்டி ஒன்று மட்டும் இருந்தது. நல்ல வெயில். ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் ஏறினபோது ஆற்றைப் பார்த்துக்கொண்டே நீர் கேட்டீர்.

"அன்னைக்கு மூணு தடவ வந்தீரே வே. என்ன சொல்ல வந்தீரு?"

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அது வேண்டாம் என்றீர். அது முடிந்துபோன காரியம், மடை போனால் போகிறது, சொல்ல வந்ததைச் சொல்லும் என்றீர். உங்கள் கோயிலில் எல்லாரும் அழுதார்களாமே, அப்படி என்னதான் அது என்று எனக்கும் தெரிய வேண்டாமா என்றீர்.

நான் சொன்னேன். என் பெண்சாதி செத்த மூன்றாம் நாள் கோயிலில் உட்கார்ந்திருந்தேன், வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது, என் பேரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டது என்றேன். வருஷக்கணக்காகச் சபையில் நான் சொல்லிவந்த சாட்சி அது. அதைக் கேட்டு உபதேசியாரே கண்ணைத் துடைத்திருக்கிறார்.

நீர் கையைத் தூக்கி நிறுத்தினீர். "கத வேண்டாம் வே. இவ்வளவு தூரம் போறேன், எனக்கு அது காணாது. ஒமக்கு நெசமா நடந்ததச் சொல்லும்."

மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தது எனக்குத் தெரியும். அது மிகவும் சின்னதாக இருந்தது. என்னால் மடையை இழந்து கடல் கடந்து போகிற ஒரு மனிதர் கையில் அவ்வளவு சின்ன ஒன்றை எப்படி வைப்பது என்று வெட்கமாக இருந்தது. ரயில் தப்பிவிடும் என்று சொல்லி மாட்டை முடுக்கினேன். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது உமக்கும் தெரியும். 

இரண்டு விதைப்பு கழித்து உம்முடைய தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஆள் ஒருவர் சொன்னார். காய்ச்சல், நாலு நாள். அங்கேயும் மழைத்தண்ணீர் ஓடுகிற கான்களைப் பார்க்கிற வேலைதான் உமக்குக் கொடுத்திருந்தார்களாம், தண்ணீர் உம்முடைய பேச்சைக் கேட்கும் என்று துரையே சொன்னாராம். இது நான் சேர்த்தது இல்லை, அவர் சொன்னது. சாயங்காலங்களில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் உட்கார்ந்து என்னைப்பற்றிச் சொல்வீராம். ஒற்றைக் கையால் சக்கரத்தைத் தூக்கின கதையைச் சொல்வீராம், மழையும் இடியுமாக, ஒன்றையும் தள்ளாமல். அதைக் கேட்டபோது அந்த ஆளுக்கு முன்னால் நிற்க முடியாமல் வண்டிக்குப் பின்பக்கம் போனேன்.

உம்முடைய வீட்டுக்காரியைப் பார்க்கக் கருப்பட்டி கொண்டு இரண்டு தடவை போனேன். உள்ளே ஆள் இருந்தது. கதவு திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

பாலத்தில் நீர் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

என் பெண்சாதியும் பிறந்த பிள்ளையும் ஒரே நாளில் போனார்கள். நீரும் நானும் பார்த்துக்கொள்வதற்கு இரண்டு வருஷம் முந்தி. மூன்றாம் நாள் வீடு நிறைய உறவுக்காரர்கள், மூச்சு முட்டியது, போக வேறு இடமில்லாமல் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். மத்தியானம். வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. குரலும் இல்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது. வெளியே யாரோ சருகு கூட்டுகிற சத்தம் கேட்டது. ஜெபம்பண்ணப் பார்த்தேன், வரவில்லை. ஆற்றில் போய் விழுந்துவிடுவது என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தீர்மானம்பண்ணியிருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அப்புறம் எனக்குப் பசித்தது. இரண்டு நாளாக மாடுகளுக்கு வைக்கோல் போடவில்லையே என்று ஞாபகம் வந்தது. எழுந்து வீட்டுக்குப் போனேன். வைக்கோல் போட்டேன். கஞ்சி குடித்தேன்.

அவ்வளவுதான் எனக்கு நடந்தது. அந்த மத்தியானம் நான் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கவில்லை என்று நம்புகிறேன். அந்தப் பசியை எனக்குக் கொடுத்தவர் கர்த்தர்தான் என்று நம்புகிறேன். ருசு கேட்டால் என்னிடம் ஒன்றும் இல்லை. இதைத்தான் உம்மிடம் சொல்ல மூன்று தடவை வந்தேன். சொல்லியிருந்தால் நீர் எதைத் தள்ளியிருப்பீர், எதை வைத்துக்கொண்டிருப்பீர் என்று தெரியாது. ஒருவேளை ஒன்றையும் ஏற்றிருக்கமாட்டீர். கேட்டாவது இருப்பீர்.

இதை உம்மைத்தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை. நீரும் கேட்கிற இடத்தில் இல்லை. போன வாரம் சந்தையில் ஒரு வெற்றிலை வியாபாரி, மகனை அம்மைக்குப் பறிகொடுத்தவர், உமக்கும் துக்கம் வந்ததாமே, எப்படி அண்ணாச்சி எழுந்திரிச்சீரு என்று என்னைக் கேட்டார். பல்லியிலிருந்துதான் ஆரம்பிக்க நினைத்தேன். வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது என்று வாய் சொல்லிவிட்டது. அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றையிலிருந்து அவர் ஒவ்வொரு நாளும் எங்கள் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்து, அந்த வெளிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று உபதேசியார் சொன்னார்.

இன்றைக்குத் தாள் வாங்கப் போனபோது நானே பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார எனக்குக் கால் வரவில்லை.